அடங்காத பிள்ளையும் கண்ணில் படாத பிள்ளையும்

ஆசிரியர் வராத பாடவேளையில் வகுப்பு லீடர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நிற்பது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எல்லோருக்கும் தெரிந்த காட்சி. 'பேசியவர்கள்' என்று தலைப்பெழுதி அடிக்கோடு போடுவார். கீழே பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறும். எச்சரித்தும் வாய் மூடாதவரின் பெயருக்கு நேரே 'அடங்கவில்லை' என்று சேரும். அதற்கும் மசியாதவருக்கு 'மிகவும் அடங்கவில்லை'. லீடரின் நெருங்கிய நண்பர்கள் மட்டும் எவ்வளவு பேசினாலும் பட்டியலுக்குள் வர மாட்டார்கள். ஆசிரியர் வந்து தண்டனை கொடுத்து முடித்ததும் பலகை அழிக்கப்பட்டுவிடும்.

மாணவர் நடத்தையைப் பற்றி நம் பள்ளிகளில் எழுதப்படும் முதல் பதிவு அது. கடைசிப் பதிவு மாற்றுச் சான்றிதழில் இருக்கிறது. ஒழுக்கம், பண்பு ஆகியவற்றுக்கான கட்டத்தில் பெரும்பாலும் 'நன்று' என்ற ஒற்றைச் சொல் எழுதப்படும். இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே ஒரு பிள்ளை பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் அது யாரோடு பழகியது, எந்தப் பாடவேளையில் துறுதுறுவென்று இருந்தது, எப்போதிருந்து பேச்சைக் குறைத்தது, யாருக்குப் பயந்தது என்பதெல்லாம் பெரும்பாலான பள்ளிகளில் எழுத்தில் இல்லை. வருகைக்குப் பதிவேடு உண்டு, மதிப்பெண்ணுக்கு உண்டு, விலையில்லா மிதிவண்டிக்கும் உண்டு.

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒழுங்கே இல்லை' என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. கண்டிப்பு வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. கனிவு வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. பிள்ளைகளைக் கவனித்துவிட்டுத்தான் பேசுகிறோமா என்று இரு தரப்பும் கேட்டுக்கொள்வதில்லை. நம் வகுப்பறைகளில் நடத்தைக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். நடத்தையைக் கவனிப்பது அரிது. கவனிப்பை ஆசிரியர் பணியின் முறையான பகுதியாக ஆக்கி, அதற்கு நேரமும் ஒதுக்காத வரை, நடத்தை பற்றிய எந்த மதிப்பீடும் கரும்பலகைப் பட்டியலைவிட மேம்பட்டதாக இருக்காது.

பார்த்ததும் முடிவுகட்டியதும்

'அவன் ஒழுங்கீனமானவன்' என்பது முடிவு. 'செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில், பின்னக் கணக்கு நடத்தும்போது இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். மூன்றாவது முறை அனுமதி மறுத்தபோது பேனாவை மேசையில் குத்திக்கொண்டே இருந்தான்' என்பது கவனிப்பு. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு தண்டிக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. இரண்டாவதை எழுதி வைத்தால் கேள்விகள் பிறக்கும். எல்லாப் பாடத்திலும் இப்படித்தானா, கணக்கில் மட்டுமா? கணக்கிலும் பின்னத்துக்கு வந்தபோதுதானா? நான்கைந்து நாள் குறிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சேட்டை என்று நினைத்தது பாடம் புரியாத தவிப்பு என்று தெரியவரலாம்.

இது நம் ஆசிரியர்களுக்குப் புதிய செய்தி இல்லை. பிஎட் பாடத்திட்டத்தில் உற்றுநோக்கல் முறை உண்டு. நிகழ்வுப் பதிவு, சரிபார்ப்புப் பட்டியல், தர அளவுகோல் எல்லாம் உண்டு. வகுப்பில் யார் பேசுகிறார்கள் என்பதை 3 விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளும் பிளாண்டர்ஸ் முறையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாத பிஎட் மாணவர் குறைவு. பயிற்சிக் காலத்தில் ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்துத் தனியாள் ஆய்வு எழுதிச் சமர்ப்பிக்கவும் வேண்டும். பல இடங்களில் அது சீனியரின் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் மாற்றி எழுதும் சடங்காகிவிட்டது. வேலைக்கு வந்த பிறகு அந்த நோட்டைத் திறக்க வேண்டிய தேவையும் வருவதில்லை. பாடக்குறிப்பு எழுதாவிட்டால் கேள்வி கேட்கும் ஆய்வு அலுவலர், 'உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையைப் பற்றி இந்த மாதம் என்ன கவனித்தீர்கள்?' என்று கேட்பதில்லை.

பிளாண்டர்ஸ் வகுத்த 10 வகைகளில் 7 ஆசிரியர் பேச்சுக்கு, 2 மாணவர் பேச்சுக்கு. மிஞ்சிய ஒன்று மௌனத்துக்கும் குழப்பத்துக்கும் சேர்த்து. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளின் நாற்பது விதமான மௌனத்துக்கும் அந்த ஒரே கட்டம்தான். நம் ஆசிரியர் அறைப் பேச்சைக் கேட்டாலும் இதே கதைதான். 'வாலு' என்ற பட்டம் வாங்கியவர்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். அமைதியான பிள்ளையைப் பற்றிக் கேட்டால், 'தொந்தரவு இல்லாத பிள்ளை' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சத்தம் மட்டுமே கண்ணில் படுகிறது

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் இ.கே. விக்மன் 1928இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் நடத்தையில் எவை கவலைக்குரியவை என்று ஆசிரியர்களிடமும் மனநலத் துறையினரிடமும் கேட்டார். திருட்டு, எதிர்த்துப் பேசுதல், வகுப்பைக் குலைத்தல் போன்றவற்றை ஆசிரியர்கள் மேலே வைத்தார்கள். யாரோடும் சேராமை, எதற்கும் சந்தேகம், பயம், சோர்வு ஆகியவற்றை மனநலத் துறையினர் மேலே வைத்தார்கள். இரு தரப்பிடமும் கேட்கப்பட்ட கேள்விகள் ஒரே மாதிரி அமையவில்லை என்ற விமர்சனம் அந்த ஆய்வின் மீது உண்டு. ஆனாலும் அது சுட்டிய உண்மை இன்றும் பொருந்துகிறது. வகுப்பு நடத்த வேண்டியவருக்கு, வகுப்பைக் குலைக்கும் பிள்ளைதான் முதலில் தெரியும். தனக்குள்ளேயே குலைந்துகொண்டிருக்கும் பிள்ளை தெரியாது.

தெரிந்த பிள்ளைகளையாவது சரியாக எடைபோடுகிறோமா? உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ஒரு கட்டுரை எழுதினார். ராணுவ அதிகாரிகள் தம் வீரர்களுக்கு அளித்த மதிப்பீடுகளை அவர் ஆராய்ந்திருந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் எனத் தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியிருந்தும், ஒன்றில் உயர்வாகக் கருதப்பட்டவர் எல்லாவற்றிலும் உயர்ந்தவராகவே மதிப்பிடப்பட்டிருந்தார். ஒளிவட்ட விளைவு என்று இன்று வழங்கும் கருத்து அங்கிருந்து வந்தது. நம் பள்ளியில் அந்த ஒளிவட்டத்தின் பெயர் முதல் ரேங்க். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கேலி செய்தால் அது விளையாட்டு. கடைசி வரிசைப் பிள்ளை செய்தால் அது ரவுடித்தனம். அழகான கையெழுத்து, மடிப்புக் கலையாத சீருடை, எண்ணெய் வைத்து வாரிய தலை ஆகியவையும் இப்படி நற்குணச் சான்றாகிவிடுகின்றன. 'உன் அக்கா எப்படிப் படிச்சா தெரியுமா?' என்று தொடங்கி, முன்பு படித்துப்போன உடன்பிறப்பின் பெயர் கெட்டதாகவோ நல்லதாகவோ தங்கையின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

முன்முடிவு கண்ணோடு நின்றுவிடுவதுமில்லை. உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளி முதல்வரான லெனோர் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு கல்வியுலகில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கலிபோர்னியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள் என்று சோதனையில் தெரிகிறது' என ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. மேல் வகுப்புகளில் அந்த அளவு விளைவு தெரியவில்லை. ஆய்வு முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆயினும் சிறு பிள்ளைகளிடம் ஆசிரியரின் எதிர்பார்ப்பு எவ்வளவு ஆழமாக இறங்கும் என்ற கேள்வியை அதற்குப் பின் யாராலும் ஒதுக்க முடியவில்லை. 'இவன் தேற மாட்டான்' என்று ஆறாம் வகுப்பில் சொல்லப்பட்ட பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறாமல் போகும்போது, அந்தச் சொல்லின் பங்கு என்ன என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

கோளாறு நடத்தையில் இல்லாமலும் இருக்கலாம்

பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டி எட்டிப் பார்க்கும் மாணவி காப்பி அடிக்கிறாள் என்று நினைக்கிறோம். கரும்பலகை அவளுக்கு மங்கலாகத் தெரிவதாக இருக்கலாம். கண்ணில் குறை உள்ள பிள்ளைக்கு அது குறை என்றே தெரியாது. உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பாத பையனைத் திமிர் பிடித்தவன் என்கிறோம். அடிக்கடி சளி பிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைகள் நம் தொடக்கப் பள்ளிகளில் இல்லாமல் இல்லை. எழுதச் சொன்னாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பான கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இருக்கின்றன. சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது, வகுப்பறையில் இன்னும் 'சோம்பேறி', 'மந்தம்' என்ற சொற்களே புழங்குகின்றன.

காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை இரண்டாம் பாடவேளையிலேயே தலையைச் சாய்த்துக்கொள்வதும், மூன்றாம் பாடவேளையில் சிடுசிடுப்பதும் ஆசிரியர்கள் பல காலமாகக் கண்டவை. அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிவடைந்த காலை உணவுத் திட்டம் பசியைத் தீர்த்ததோடு நடத்தைப் பிரச்சினை ஒன்றின் வேரையும் தொட்டது. சோர்ந்து விழுந்த பிள்ளைக்குத் தேவைப்பட்டது தட்டு நிறையப் பொங்கலும் சாம்பாரும்தான், அதட்டல் தேவைப்படவில்லை. ஆறாம் வகுப்புக்குப் போனதும் அதே பிள்ளைக்குப் பசி நின்றுவிடுமா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

ஒடிசாவிலிருந்தும் பிஹாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் புரியாத முதல் சில மாதங்களில் அவர்கள் ஒதுங்கி இருப்பதையும், சில நேரம் கையால் பேசிச் சண்டைக்குப் போவதையும் நடத்தை என்று எழுதினால், அது நம் அவசரத்தைத்தான் காட்டும். மருத்துவர் உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதினால் ஏற்க மாட்டோம். வகுப்பறையில் அதை அன்றாடம் ஏற்றுக்கொள்கிறோம்.

சாதி பார்க்கும் கண்

தமிழ்நாட்டு வகுப்பறையில் கவனிப்பு பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் விட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 படித்த பட்டியலின மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். தாக்கியவர்கள் அதே பள்ளியில் படித்த மாணவர்கள். பள்ளியில் நடந்த துன்புறுத்தல் தாங்காமல் அவர் சில நாள் வகுப்புக்கே வராமல் இருந்ததும், விசாரித்தபோதுதான் காரணம் வெளிவந்ததும், அதன் பிறகே தாக்குதல் நடந்ததும் செய்திகளில் வந்தன. பிள்ளை வகுப்புக்கு வராமல் போனதே முதல் அறிகுறி. அதற்கு முந்தைய அறிகுறிகள் எத்தனை இருந்தன, அவற்றை எழுதி வைத்திருக்க வேண்டியவர் யார் என்பதற்கு நம் அமைப்பில் விடை இல்லை.

அந்தத் தாக்குதலைத் தொடர்ந்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடைசெய்வது, அகர வரிசைப்படி மாணவர்களை அமரவைப்பது, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது, பள்ளி நல அலுவலர்களை நியமிப்பது என்று பல பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிறு பற்றித்தான் ஊடகங்களில் அதிகம் விவாதித்தோம். அகர வரிசை இருக்கையும் நல அலுவலரும் கவனிப்பு சம்பந்தப்பட்டவை. அவை பற்றிப் பேச்சே இல்லை.

எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்பது பல கிராமப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் தெரியும். பட்டியலினப் பிள்ளையின் துணிச்சல் 'திமிர்' ஆவதும், ஆதிக்கச் சாதிப் பிள்ளையின் திமிர் 'துணிச்சல்' ஆவதும் எழுதாத மதிப்பீட்டில் எளிதாக நடக்கும். எழுதினால் முற்றிலும் நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால், நாள், நேரம், நடந்தது, சொல்லப்பட்ட சொற்கள் என்று எழுதும்போது, ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைத்திருப்பது எழுதியவருக்கே தெரியவரும். அவர் பார்க்கத் தவறினாலும் இன்னொருவர் கேட்க முடியும்.

நடத்தைக்கு மதிப்பெண் வேண்டாம்

அப்படியானால் நடத்தையையும் மதிப்பிட்டு மதிப்பெண் போட்டுவிடலாமே என்று தோன்றும். அந்த வழியில் நாம் போய்ப் பார்த்தாயிற்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தை அச்சமும் பதற்றமும் இல்லாமல் கற்க வேண்டும் என்றும், அதன் புரிதலைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்றும் 29ஆம் பிரிவில் சொன்னது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012–13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வாழ்க்கைத் திறன், மனப்பான்மை, மதிப்புகள் போன்றவற்றுக்கும் தரநிலை போடச் சொன்னார்கள். எண்ணம் நல்லது. நடந்தது வேறு. நாற்பது பிள்ளைகளின் மனப்பான்மைக்கு ஒரே இரவில் கிரேடு போட்டு முடித்தார்கள். செயல்திட்டம் என்ற பெயரில் ஸ்டேஷனரி கடைச் சார்ட்டுகள் சுவரை நிரப்பின. சிபிஎஸ்இ 2009இல் கொண்டுவந்த இதே முறையை 2017இல் கைவிட்டது. பிளஸ் 2 பாடங்களில் உள்ள 10 அகமதிப்பீட்டு மதிப்பெண் பெரும்பாலும் எல்லோருக்கும் முழுதாகக் கிடைப்பது ஊரறிந்தது.

குறை ஆசிரியர்களிடம் மட்டும் இல்லை. பயன்படுத்தப் போவதற்காக எழுதும் குறிப்பையும், கணக்குக் காட்டுவதற்காக நிரப்பும் படிவத்தையும் அமைப்பு ஒன்றாக்கிவிட்டது. பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தரவுத் தளத்தில் பதிவேற்றுவதற்கே நேரம் போதவில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகின்றன. இந்த நிலையில் 'நடத்தை' என்று இன்னொரு கட்டத்தைத் திறந்தால், எல்லாப் பிள்ளைகளுக்கும் 'நன்று' என்று பதிவேறும். மதிப்பெண் சேர்ந்தால் இன்னொரு கேடும் வரும். பிள்ளைகள் நல்லவர்களாக இருப்பதைவிட நல்லவர்களாகத் தெரிவதில் கெட்டிக்காரர்கள் ஆவார்கள். அடக்கம் என்ற பெயரில் கேள்வி கேட்காமைக்கு மதிப்பெண் கிடைக்கும்.

மதிப்பெண்ணைவிட மோசமானது நிரந்தர முத்திரை. ஆசிரியர்களைச் சில மாணவர்கள் மிரட்டும் காணொளிகள் பரவிய சூழலில், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்களின் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணத்தைக் குறிப்பிட்டு அவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள் என்று 2022 மே மாதம் பள்ளிக்கல்வி அமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். ஆசிரியர்களின் அச்சம் நியாயமானது. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். வன்முறைக்குச் சட்டப்படி நடவடிக்கையும் வேண்டும். ஆனால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 'புதிய தொடக்கம்' என்பதைத் தன் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சட்டத்தோடு முரண்பட்ட சிறாரின் பழைய பதிவுகள்கூட, சிறப்புச் சூழல்கள் நீங்கலாக, அழிக்கப்பட வேண்டும் என்கிறது. குற்றம் செய்த சிறாருக்கு நாடாளுமன்றம் தந்த அந்த வாய்ப்பை, மேசையை உடைத்த மாணவருக்கு ஒரு சான்றிதழ் மறுக்கலாமா?

ஆசிரியர் நிற்கும் இடம்

மாணவர் நடத்தையைக் கவனிக்கப் புகுந்தவர் சீக்கிரமே தம் நடத்தையையும் கவனிக்க வேண்டியவர் ஆகிறார். பின்வரிசையில் செய்தித்தாள் படித்த மாணவரைக் கண்டித்தபோது, மற்ற மாணவர்களும் சட்டென்று மாறியதைப் பார்த்து ஆய்வில் இறங்கிய உளவியலாளர் ஜேக்கப் கூனின், பல வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் நூலாக்கினார். நன்கு நடக்கும் வகுப்புக்கும் நடக்காத வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் தெரியவில்லை. வகுப்பில் எங்கே என்ன நடக்கிறது என்பது இவருக்குத் தெரியும் என்ற உணர்வைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்தியவர்களுக்கும், பாடத்தைத் தொய்வில்லாமல் நகர்த்தியவர்களுக்கும் கண்டிக்க வேண்டிய தேவையே குறைவாக இருந்தது என்று அவர் கண்டார். முதுகிலும் கண் உள்ள ஆசிரியர் என்று நம் ஊரில் சொல்வது இவர்களைத்தான்.

நிற்கும் இடத்துக்கும் இதில் பங்குண்டு. ஆசிரியரின் கேள்விகளும் பார்வையும் முன்வரிசைக்கும் நடுப்பகுதிக்கும்தான் அதிகம் போகின்றன என்பது வகுப்பறை ஆய்வுகளில் முன்பே பேசப்பட்டது. மலையாளத் திரைப்படமான 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' கடைசி பெஞ்சைப் பற்றிக் கிளப்பிய பேச்சைத் தொடர்ந்து, 2025 ஜூலையில் தமிழ்நாட்டிலும் 'ப' வடிவில் மாணவர்களை அமரவைக்கும் யோசனை வந்தது. கழுத்து வலிக்கும், இடம் போதாது என்று எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. 'மாப்பிள்ளை பெஞ்ச்' எனப்படும் கடைசி வரிசையை ஒழிப்பதற்கு மரவேலை மட்டும் போதாது. ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டே கடைசி வரிசை வரை நடந்தால், இருக்கும் பெஞ்சுகளிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

நமக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்த செயல்வழிக் கற்றலில், ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். கற்றல் ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்தது. அந்த முறையின் அட்டைகளைப் பற்றியும் இயந்திரத்தனத்தைப் பற்றியும் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால், எதிரே நின்று பேசுவதை விட்டு அருகில் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பை அது தந்தது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். நிலை மாறும்போது குழுவும் மாற வேண்டும் என்பது அதன் உயிர். 'அவன் அரும்புதான்' என்று ஆண்டு முழுக்க ஒரு பிள்ளையைக் குறிப்பிடத் தொடங்கினால், அழகான பெயரும் பட்டப்பெயர் ஆகிவிடும்.

செய்ய வேண்டியவை

முதலில், வாரத்துக்கு நான்கைந்து பிள்ளைகளைத் தேர்ந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வரி எழுதும் பழக்கத்தை வகுப்பாசிரியர்களிடம் கொண்டுவரலாம். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். 'நல்லவன்', 'கெட்டவன்', 'மந்தம்' போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. முறை வைத்துப் போனால் இரண்டு, மூன்று மாதத்தில் வகுப்பில் கண்ணில் படாத பிள்ளையே இருக்காது. யாரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை என்று தோன்றுகிறதோ, அடுத்த வாரம் அந்தப் பிள்ளையோடுதான் முதலில் பேச வேண்டும்.

இரண்டாவதாக, ஒருவர் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. கணக்கு வகுப்பில் முரண்டு பிடிப்பவன் விளையாட்டு வகுப்பில் அணியை நடத்துபவனாக இருப்பான். மாதம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடி, கவலை தரும் பிள்ளைகளைப் பற்றித் தத்தம் குறிப்புகளோடு பேச ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியரும், முடிந்தால் சத்துணவு அமைப்பாளரும் அதில் இருக்கட்டும். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்றாவதாக, அந்தக் குறிப்புகள் எமிஸுக்குப் போகக் கூடாது. மதிப்பெண் ஆகக் கூடாது. மாற்றுச் சான்றிதழில் ஏறக் கூடாது. அடுத்த வகுப்பாசிரியருக்குத் தேவையானது உதவி பற்றிய செய்தி மட்டுமே: கண்ணாடி வேண்டும், முன்வரிசை வேண்டும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க வேண்டும் என்பவை. மற்றவை ஆண்டு முடிவில் அழிக்கப்படட்டும். பெற்றோருக்கும், வளர்ந்த பிள்ளை என்றால் அவருக்கும், அந்தப் பிள்ளையைப் பற்றிய குறிப்பைப் படிக்க உரிமை வேண்டும். படிக்கப்படும் என்று தெரிந்தால் எழுதுபவர் நிதானமாக எழுதுவார்.

நான்காவதாக, கவனித்துக் கண்டதை ஆசிரியர் யாரிடம் ஒப்படைப்பார் என்பதற்கு அரசு விடை சொல்ல வேண்டும். உடலில் காயத்தோடு வரும் பிள்ளைக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. கல்வி சார்ந்த உதவிக்கு 14417 இருக்கிறது. ஆனால், மாதக்கணக்கில் வாடிக்கொண்டிருக்கும் பிள்ளையோடு உட்கார்ந்து பேசப் பயிற்சி பெற்ற ஒருவர் பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இல்லை. சந்துரு குழு பரிந்துரைத்த நல அலுவலர் பணியிடத்தைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு, ஆசிரியரே உளவியலாளராகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கும், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கும் ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்த விகிதம், ஓராசிரியரே ஐந்து வகுப்பையும் பார்க்கும் பள்ளியில் பொருளற்றது. ஐம்பது பேர் அடைந்து கிடக்கும் மேல்நிலை வகுப்பிலும் அப்படித்தான். இணையத்தில் ஏற்றும் தரவுகளில் பாதியைக் குறைத்தால், அந்த நேரம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். ஆசிரியரின் நேரத்தைத் தரவுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று துறை வருத்தப்படுவதில் பயனில்லை.

பள்ளிக்கல்வித் துறை அடுத்த கல்வியாண்டுக்குள் இரண்டு முடிவுகளையாவது எடுக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழில் உள்ள ஒழுக்கம், பண்பு கட்டத்தை நீக்க வேண்டும். எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதப்படும் கட்டத்தால் யாருக்கும் பயனில்லை, யாரோ ஒருவருக்கு மட்டும் வேறு எழுதப்பட்டால் அந்தப் பிள்ளையின் அடுத்த பள்ளிக் கதவு அடைபடும். அதற்கு ஈடாக, ஒவ்வொரு வகுப்பாசிரியருக்கும் வாரம் ஒரு பாடவேளையைக் கவனிப்புக்கென்று கால அட்டவணையிலேயே ஒதுக்கித் தர வேண்டும். அந்த ஒரு பாடவேளை இல்லாமல் மாணவர் ஒழுக்கம் பற்றி எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் அவை அறிவிப்புப் பலகையோடு நின்றுவிடும்.